பதினோராவது விதி

மூக்குக்கு மேல் வந்த கோபத்தோடுதான் ஃபாரம் அக்கா அன்று மதியம் பஸ் ஏறினாள். அந்தப் பெயரைப் பிள்ளைகள் வைத்தார்கள். எதற்கெடுத்தாலும் ஒரு ஃபாரத்தை நீட்டுகிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்?

வசதி இல்லாத பிள்ளைகளுக்கு இலவசமாக இசை சொல்லித்தரும் சின்ன அமைப்பு அது. சாமான் அறையைத் திறந்தால் ஏழு வயலின்கள் பல்லைக் காட்டும். ஏழும் பெரியவர்கள் வாசிக்கிற முழு அளவு. எட்டு வயதுப் பிள்ளைக்கு அரை அளவு வேண்டும், அதைவிடச் சின்னதுக்குக் கால் அளவு வேண்டும் என்று அவள் கரடியாய்க் கத்திவிட்டாள். தானம் தருகிறவர்கள் காதில் வாங்கினால்தானே! வீட்டில் இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, சிரித்த முகமாய் போட்டோவுக்கு நிற்கிறார்கள். அன்று காலையில்கூட ஒருவர் போன் செய்தார். எட்டாவது முழு வயலின். நன்றி சொல்லிவிட்டுப் போனை வைத்தவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

நாளை மறுநாள் இசைப் பள்ளியின் நுழைவுத் தேர்வு. அமைப்பில் படிக்கிற ஒரு பஸ் டிரைவரின் மகள் போகிறாள். தேறினால் பள்ளிப் படிப்பு முடியும்வரை இலவச இடம். அமைப்பு தொடங்கி ஆறு வருடத்தில் அந்த வாசல்வரை போகிற முதல் பிள்ளை அவள்தான். ஆனால் அவள் கையில் இருப்பது அவளுக்குச் சிறிதாகிப்போன கால் வயலின்.

“கையை மடக்கி மடக்கி வாசிக்குது. விரல் வைக்க இடமே இல்ல, சுருதி எங்கேர்ந்து நிக்கும்?” என்று வயலின் வாத்தியார் காலையில் அவளிடம் சலித்துக்கொண்டார். “நம்மகிட்ட அரை வயலின் ஒண்ணு இருந்துச்சே, எங்க?”

எங்கே என்பதுதான் அவள் வயிற்றெரிச்சல். ஆஸ்பத்திரி லாண்டரியில் வேலை செய்கிற ஒரு அம்மாவின் மகளுக்கு அதைக் கொடுத்திருந்தாள். நாலு மாதமாக அந்தப் பிள்ளை வகுப்புக்கு வரவில்லை. கடிதம் போட்டாள், பதில் இல்லை. போன் செய்தாள், எடுக்கவில்லை. ஓசியில் கிடைத்தால் இப்படித்தான், பொருளின் அருமை தெரியாது என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே அவர்கள் வீடு இருந்த இரண்டாவது மாடிக்கு ஏறினாள். இன்று வயலின் இல்லாமல் திரும்புவதாக இல்லை.

கதவைத் திறந்த அம்மாவின் முகம், அவளைக் கண்டதும் வெளுத்துப்போனது.

“மேடம்... நானே கொண்டாந்து குடுக்கணும்னுதான்...”

“நாலு மாசமாவாங்க? அங்க ஒரு பிள்ளை வயலின் இல்லாம தவிக்குது. வேணாம்னா வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!”

அம்மா அவளை உள்ளே வரச் சொன்னாள். நாற்காலியைப் போட்டு ஏறி, பீரோவின் மேலிருந்து ஒரு மூட்டையை இறக்கினாள். போர்வைக்குள் ஒரு துண்டு, துண்டுக்குள் பெட்டி. திறந்தால் வயலின் தூசி துரும்பில்லாமல் பளிச்சென்று இருந்தது. மூன்று கம்பிகள் மட்டும் இருந்தன. நாலாவது, எல்லாவற்றிலும் மெல்லிய கம்பி, இல்லை.

சுவரோரம் நின்றிருந்த மகள் ஓடிப்போய் ஒரு தீப்பெட்டியை எடுத்து வந்தாள். “தொலைக்கல அக்கா. உள்ள பத்திரமா இருக்கு.” அறுந்த கம்பி அதில் சுருண்டு கிடந்தது.

“தானா அறுந்துச்சு மேடம், சத்தியமா இவ ஒண்ணும் பண்ணல,” என்றாள் அம்மா. “கடையில போய் இந்த வயலின் என்ன விலைன்னு கேட்டேன். கேட்டுட்டுப் பேசாம வந்துட்டேன். கொஞ்சம் சேர்த்துக்கிட்டு வரலாம்னு பார்த்தேன், முடியல. அதான் போனையும் எடுக்கல.”

“இதுக்கு எதுக்குங்க வயலின் விலை?”

அம்மா அலமாரியிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். அமைப்பின் ஃபாரம். பதினோராவது விதிக்குக் கீழே பேனாவால் கோடு போட்டிருந்தது. ‘இசைக்கருவிக்கு நேரும் எந்தச் சேதத்துக்கும் பெற்றோரே முழுப் பொறுப்பு.’

ஃபாரம் அக்காவுக்குச் சுருக்கென்றது. அந்த வரியை எழுதியவளே அவள்தான். ஒரு பிள்ளை வயலின்மேல் உட்கார்ந்துவிட்டபோது, கொஞ்சம் பயம் இருந்தால்தான் சரிப்படும் என்று கமிட்டி சொன்னது. அவளும் மாங்கு மாங்கென்று உட்கார்ந்து, நாலு முறை மாற்றி எழுதி, கறாராக வந்திருக்கிறது என்று பெருமைப்பட்டுக்கொண்டாள். வயலின் கம்பி வாராவாரம் ஒன்றாவது அறுந்துகொண்டுதான் இருக்கும், வாத்தியார் பேச்சோடு பேச்சாக வேறு போட்டுவிடுவார். அது தெரிந்தவர்களுக்கு அந்த வரியில் கம்பி ஞாபகமே வரவில்லை. தெரியாதவர்கள் படிப்பதற்குத்தானே ஃபாரம் என்பது ஒருவர் மண்டையிலும் உறைக்கவில்லை.

வரும் வழியெல்லாம் சேர்த்துவைத்த கோபத்தை யார்மேல் காட்டுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. தன் கன்னத்திலேயே ரெண்டு அறை விட்டால் தேவலை போலிருந்தது.

“கம்பி அறுந்தா அது சேதமே இல்லைங்க. என் பையிலேயே நாலஞ்சு கிடக்கு.” குரல் அவளை மீறி உயர்ந்தது. “இதுக்காகவா நாலு மாசம் பிள்ளைய அனுப்பல?”

அவள் ஃபாரத்தை வாங்கிப் பதினோராவது விதியைப் பேனாவால் அடித்தாள். ஒருமுறை அடித்தது போதாமல் தாள் கிழிகிற அளவுக்கு அடித்தாள். பிறகு புதுக் கம்பியை மாட்டி, வாத்தியார் காட்டித்தந்தபடி முறுக்காணியைத் திருப்பி, போனில் சுருதியை ஒலிக்கவிட்டுக் கம்பியைச் சேர்த்தாள்.

வயலினைத் தூக்கிக்கொண்டு போகத்தான் வந்திருந்தாள். இப்போது கை வரவில்லை. ஆனால் அங்கே டிரைவரின் மகள் காத்திருக்கிறாள். “நாளைக்கும் நாளை மறுநாளும் மட்டும் பரீட்சைக்குப் போற ஒரு அக்காவுக்கு இத வாசிக்கக் குடுக்கறியா?” என்று பிள்ளையிடமே கேட்டாள். “நீயே கொண்டா. அவ முடிச்சதும் நீயே எடுத்துட்டுப் போ. உன் பேரையும் அந்தப் பரீட்சைக்குச் சேர்த்துக்கச் சொல்லி நான் கெஞ்சிப் பார்க்கறேன். பட்டியல் முடிஞ்சிருச்சும்பாங்க. அடுத்த வருஷமாவது...”

சொல்லச் சொல்ல அவளுக்கே வெட்கமாக இருந்தது. பிள்ளை உடனே தலையாட்டினாள்.

“எதாவது ஞாபகம் இருக்கா? வாசி பார்ப்போம்.”

பிள்ளை வயலினைத் தோளில் வைத்தாள். வகுப்பில் சொல்லிக்கொடுத்த பாட்டுதான். பிசிறே இல்லை. பாட்டு மேலே ஏறுகிற இடம் வந்தது. மெல்லிய கம்பிக்கு மாற வேண்டிய இடம். பிள்ளை மாறவில்லை. கையை அப்படியே மேலே நகர்த்தி, மூன்றாவது கம்பியிலேயே அந்த உச்ச ஸ்வரங்களைப் பிடித்தாள். இரண்டு வருடமாவது படித்த பிறகுதான் வாத்தியார் அதைச் சொல்லித்தருவார். இவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை; நாலு மாதம் மூன்று கம்பியிலேயே வாசித்துத் தானே பிடித்திருக்கிறாள்.

ஃபாரம் அக்கா மனதுக்குள் நாள் கணக்குப் பார்த்தாள். தேர்வுக்குப் பேர் கொடுக்கக் கடைசி நாள் போன மாதமே முடிந்திருந்தது.

“இப்பதான் நாலாவது கம்பி போட்டாச்சே. அதுல வாசிம்மா, சுலபமா இருக்கும்.”

“வேணாம் அக்கா. அறுந்துடும்.”

“அறுந்தா அறுந்துட்டுப் போகட்டும். நான் வேற போட்டுத் தரேன்.”

பிள்ளை அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அம்மாவோ ஃபாரம் அக்கா திருப்பிக் கொடுத்திருந்த தாளைப் பார்த்தாள், அடித்த வரியை விரலால் ஒருமுறை தடவினாள்.

“மேடம்,” என்றாள் தயங்கி. “இதுல அடிச்சிட்டீங்க. ஆபீஸ்ல நான் கையெழுத்து போட்டது ஒண்ணு இருக்குமே... அதுலயும் அடிச்சிருவீங்களா?”

அடிப்பதாக அவள் சொன்னாள். அம்மாவும் தலையாட்டினாள். பிள்ளை பாட்டை முதலிலிருந்து தொடங்கினாள், புதுக் கம்பியில் வில் படாமல்.