கை தவறவில்லை

பர்கர் கடையில் அவளை எல்லாரும் வெங்காயம் என்றுதான் கூப்பிட்டார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் பன்னின் மேல் எதை முதலில் வைப்பது, எதைப் பிறகு வைப்பது என்று தெரியாமல் திணறி, கடைசியில் அழுதேவிட்டாள். மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள, "வெங்காயம், கண்ணு எரியுது" என்றாள். அந்தக் கடைக்கு வெங்காயம் காய்ந்த செதில்களாகப் பாக்கெட்டில் வரும். தண்ணீரில் ஊறப்போட்டு எடுப்பார்கள். அது யார் கண்ணையும் எரித்ததாக வரலாறு இல்லை. அதற்கு வாசனையே கிடையாது, ருசியும் சந்தேகம்தான். பொய் பிடிபட்ட அந்த நிமிடமே பெயர் வந்து ஒட்டிக்கொண்டது.

வயது பதினேழு. கணக்குப் பரீட்சையில் இரண்டு தடவை கோட்டை விட்டவள். வீட்டில் அவளுக்கு மேலே ஒரு அக்கா. அவள் வாங்கிய சான்றிதழ்கள் மாட்டியிருந்த சுவருக்குப் பெயின்ட் செலவே இல்லை. அம்மாவுக்கு ஒரு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை. நாள் முழுக்கப் படுக்கை விரிப்புகளை மடிப்பவள், வீட்டிலும் எதையும் நான்காக மடித்துத்தான் பேசுவாள்.

"இந்த மாசக் கடைசிக்குள்ள கறுப்புத் தொப்பி வாங்கிட்டு வா. வேலையில இரு. இல்லன்னா அக்கா போன டியூஷன்ல போய் உட்காரு. நடுவுல வேற பேச்சு கிடையாது."

கடையில் எல்லாருக்கும் சிவப்புத் தொப்பி. புதிதாக வருகிறவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிற ஒருவருக்கு மட்டும் கறுப்பு. கறுப்புத் தொப்பிக்காரரைக் கழிப்பறை கழுவ அனுப்ப முடியாது என்பது அதன் முதல் பெருமை. வெங்காயத்துக்கு அது பெரிதாகப் படவில்லை. பிறந்ததிலிருந்து யாராவது ஒருவர் அவளிடம் "இதுகூடத் தெரியாதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள். வாழ்க்கையில் ஒரு தடவையாவது, ஒரே ஒரு ஆளிடமாவது, அந்தக் கேள்வியைத் தான் கேட்க வேண்டும். அந்த உரிமை கறுப்புத் தொப்பிக்கு உண்டு.

டியூஷன் வாத்தியாரை அவளுக்குத் தெரியும். புத்தகத்தைத் திறந்து முன்னால் வைத்து, "பாரு, நல்லா பாரு" என்பார். அவளும் பார்ப்பாள். எழுத்துகளும் அவளைப் பார்க்கும். இரண்டு பக்கமும் மரியாதையாகப் பார்த்துவிட்டுப் பிரிந்துவிடுவார்கள்.

ஆனால் பர்கர் விஷயத்தில் அப்படி இல்லை. அது எப்படி என்று அவளுக்கே இரண்டாவது மாதத்தில்தான் தெரிந்தது.

பன் அடுக்கும் மேடைக்கு மேலே ஒரு ஸ்கிரீன் தொங்கும். ஆர்டர் வந்ததும், என்ன வேண்டும் என்ற விவரத்தோடு அதில் ஒரு பச்சைக் கட்டம் விழும். தொண்ணூறு விநாடி தாண்டினால் மஞ்சள். அதையும் தாண்டினால் சிவப்பு, கூடவே குழந்தை வீறிடுவது மாதிரி ஒரு சத்தம். பொட்டலத்தைக் கட்டி முடித்ததும் பட்டனை அமுக்கினால் கட்டம் மறையும். கட்டம் விழுந்ததிலிருந்து மறைகிறவரை எத்தனை விநாடி என்பதை வைத்துத் தலைமை அலுவலகம் முப்பத்து நான்கு கிளைகளையும் வரிசைப்படுத்தும். அவர்கள் கிளை அப்போது இருபத்தொன்பதாவது.

ஒரு மதியம் ஆறு கட்டங்கள் ஒன்றாகச் சிவந்து அலறின. எரிச்சலில், அந்தச் சத்தத்தின் வாயை அடைத்தால் போதும் என்று, அவள் டக் டக்கென்று எல்லாவற்றையும் அழித்துவிட்டாள். ஸ்கிரீன் வெறும் கறுப்பு. பக்கத்தில் உருளைக்கிழங்கு பொரித்துக்கொண்டிருந்த கம்பம் வாயைப் பிளந்தான். புகைக்கூண்டில் தலை இடிக்கிற உயரம் என்பதால் அவனுக்கு அந்தப் பெயர்.

"அடிப்பாவி, செத்தோம். இப்ப யாருக்கு என்னன்னு போய் ஜோசியமா கேப்ப?"

ஆனால் அந்த ஆறு ஆர்டர்களும் அவள் தலைக்குள், குளித்துத் தலை சீவிய பிள்ளைகள் மாதிரி வரிசையாக நின்றன. இரண்டு சிக்கன், ஒன்றில் சீஸ் வேண்டாம். ஒரு மீன், சாஸ் தனியாக. ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே அடுக்கினாள். ஒன்றுகூடப் பிசகவில்லை.

அன்றைக்கு அவள் தன்னைப் பற்றி ஒன்று தெரிந்துகொண்டாள். கண் முன்னால் இருக்கிறவரை எதுவும் அவள் மண்டையில் ஏறாது. அழிந்துபோனால்தான் ஏறும். எழுத்து இருக்கும்போது மூளை, 'அதுதான் இருக்கிறதே' என்று காலை நீட்டிப் படுத்துக்கொள்கிறது. எழுத்து போனதும் அலறியடித்துக்கொண்டு எழுந்து உட்காருகிறது. பதினேழு வருடம் அதைப் படுக்கவைத்துவிட்டு, 'மந்தம்' என்று ஊரே சொன்னதை அவளும் நம்பியிருக்கிறாள்.

பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. கட்டம் விழும், அவள் ஒரு பார்வை பார்ப்பாள், அழிப்பாள், அப்புறம் நிதானமாக அடுக்குவாள். சாப்பிட வந்தவருக்கு என்னவோ இரண்டரை, மூன்று நிமிடம் ஆகத்தான் ஆனது. ஆனால் அவர் கையில் பட்டன் இல்லையே. மூன்றே மாதத்தில் கிளை முதல் இடத்துக்கு வந்தது. சராசரி நாற்பத்தொரு விநாடி. மேனேஜருக்கு வயது இருபத்து மூன்று. கொக்கி மாட்டுகிற டை கட்டுவார், சாப்பிடும்போது கழற்றிப் பைக்குள் வைப்பார். அவர் பெயரும் டைதான், முதுகுக்குப் பின்னால் மட்டும். டைக்கு உண்மை தெரியும். தெரியாத மாதிரி இருப்பதற்கு அவருக்கு நல்ல பயிற்சி இருந்தது.

சிக்கல் என்னவென்றால், முதல் இடத்துக்கு வந்தால் ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள். தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. ஒரு மேடம் வருகிறார். மதியக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் அடுக்கும் மேடைக்குப் பக்கத்திலேயே நிற்பார். இந்த வேகத்தின் ரகசியத்தை மற்ற கிளைகளுக்கும் சொல்லப்போகிறார். கறுப்புத் தொப்பியையும் கையோடு கொண்டுவருகிறார்.

டை அவளைக் குளிர் அறைக்குள் கூட்டிப்போனார். ரகசியம் பேச அங்கேதான் இடம்.

"இங்க பாரு வெங்காயம். அந்த ஒரு மணி நேரம் மட்டும் யோக்கியமா இரு. கட்டினப்புறம்தான் பட்டன். புரியுதா?"

"யோக்கியமா செஞ்சா எனக்கு வராது சார்."

"வராதுன்னா? ஸ்கிரீன்லதான் எல்லாம் எழுதியிருக்கே!"

"அதான் சார் பிரச்சனையே."

அவர் குளிர் தாங்காமல் வெளியே போய்விட்டார்.

மேடம் வந்தார். தட்டையான செருப்பு, கழுத்தில் ஸ்டாப்வாட்ச், கையில் அட்டை. கடுகடுப்பாக இருப்பார் என்று எல்லாரும் பயந்திருந்தார்கள். ஆனால் வந்ததும் வராததுமாக, "சாப்பிட்டீங்களாப்பா எல்லாரும்?" என்று கேட்டுத் தொலைத்தார். நல்லவரை ஏமாற்றுவது இன்னும் கஷ்டம்.

பன்னிரண்டு மணிக்குக் கூட்டம் வந்தது. முதல் கட்டம், இரண்டாவது, மூன்றாவது. வெங்காயம் பட்டனைத் தொடாமல் பல்லைக் கடித்துக்கொண்டு அண்ணாந்து படித்தாள். படித்துவிட்டுக் குனிந்தாள். குனிந்ததும் மறந்தது. மறுபடி அண்ணாந்தாள். மீன் போக வேண்டிய பெட்டியில் சிக்கன் போயிற்று. சீஸ் வேண்டாம் என்றவருக்கு இரண்டு சீஸ் கிடைத்தது. ஒரு பர்கர் மேல் பன்னே இல்லாமல் மொட்டைத் தலையோடு போய்த் திரும்பி வந்தது.

"என்னாச்சு உனக்கு? தூக்கமா?" என்று கம்பம் கிசுகிசுத்தான்.

"வாய மூடு. படிச்சிட்டிருக்கேன்."

"படிச்சதே இல்லாதவ, இன்னிக்குன்னு பாத்து!"

மேடம் எழுதிக்கொண்டே இருந்தார். முகத்தில் கோபம் இல்லை. ஒருவிதப் பரிதாபம் இருந்தது. அந்தப் பார்வையை வெங்காயத்துக்கு நன்றாகத் தெரியும். பள்ளிக்கூடத்தில் விடைத்தாளைத் திருப்பித் தரும்போது டீச்சர்கள் பார்க்கிற பார்வை. இதுவரை இந்த மேடைக்கு முன்னால் நின்று அவளை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. ஸ்கிரீனில் பதினோரு கட்டங்கள். ஏழு சிவப்பு. எல்லாம் சேர்ந்து அலறின.

அவள் ஒரு தடவை மேலிருந்து கீழே பார்த்தாள். பிறகு பட்டனில் விரலை வைத்துப் பதினோரு தடவை அமுக்கினாள்.

கடை அமைதியானது. எங்கோ டையின் கையிலிருந்து கெச்சப் புட்டி விழுந்தது.

"முதல்ல ரெண்டு சிக்கன், ஒண்ணுல வெங்காயம் இல்ல" என்று அவள் உரக்க ஆரம்பித்தாள். "கம்பம், ஃப்ரைஸ் பெருசு மூணு, சின்னது நாலு, ஒரு சின்னதுல உப்பு போடாத. அடுத்தது மீன் ஒண்ணு, சாஸ் தனியா." கை தானாக ஓடியது. பன், கறி, இலை, மூடி, மடிப்பு. பதினோரு பொட்டலமும் மேடையில் வரிசையாக உட்கார்ந்தன. ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. மேடம் எழுதுவதை நிறுத்தி வெகு நேரமாகியிருந்தது. ஸ்டாப்வாட்ச் மட்டும், நிறுத்த ஆளில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு மணிக்குப் பின்கட்டு அறையில் மேடம், டை, வெங்காயம் மூன்று பேரும் கூடினார்கள். மேடம் பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். சம்பவ அறிக்கை, இரண்டு பிரதி. அதில் காரணம் என்ற இடத்தில் மூன்று சின்னப் பெட்டிகள்: இயந்திரக் கோளாறு, கை தவறியது, வேண்டுமென்றே செய்தது.

"பாரும்மா," என்றார் மேடம். "நாற்பத்தொரு விநாடின்னு போஸ்டர் அடிச்சாச்சு. முப்பத்து நாலு கிளைக்கும் போயாச்சு. இன்னிக்கு நடந்தது கை தவறின கதைன்னா, இந்தப் பதினோரு ஆர்டர மட்டும் கணக்குல எடுக்க மாட்டாங்க. மிச்சத்த யாரும் கிளற மாட்டாங்க." பிளாஸ்டிக் உறை பிரிக்காத கறுப்புத் தொப்பியை மேசைமேல் வைத்தார். "இதுவும் உனக்குத்தான்."

"கை தவறிடுச்சு மேடம்," என்றார் டை. "கெச்சப் வழுக்கல். நானே பாத்தேன்."

"உங்கள நான் கேக்கல தம்பி."

வெங்காயம் தொப்பியைப் பார்த்தாள். அது அவளுடைய தலைக்குச் சரியான அளவு. இரண்டாவது பெட்டியில் ஒரு கோடு கிழித்தால் டியூஷன் இல்லை, கழிப்பறை இல்லை, புதிதாக வருகிறவனிடம் 'இதுகூடத் தெரியாதா?' என்று ஆனந்தமாகக் கேட்கலாம். பேனாவை அங்கேதான் கொண்டுபோனாள்.

ஆனால் கை தவறுவது யாருக்கும் நடக்கும். மாட்டுக்குக்கூடக் கால் இடறும். கை தவறியது என்றால் பதினோரு ஆர்டரையும் தலையில் வைத்திருந்தது யார்? அது திருட்டுத்தனம்தான், அவள் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது அவளுடைய திருட்டுத்தனம். இதுவரை அவளுக்கென்று சொந்தமாக இருந்தவை ஒரு பொய்யும், அதிலிருந்து வந்த பெயரும்தான். முதல் முறையாக மூளை என்று ஒன்று கிடைத்திருக்கிறது. அதைக் கெச்சப் வழுக்கல் என்று எழுதிக்கொடுக்கச் சொல்கிறார்கள்.

மூன்றாவது பெட்டியில் கோடு போட்டாள். கீழே விளக்கத்துக்கு நான்கு வரி இடம் இருந்தது. அது போதாமல் ஓரத்திலும் எழுதினாள். 'கை தவறவில்லை. மூணு மாசமா நானாத்தான் அழிக்கிறேன். அழிச்சாத்தான் எனக்கு ஞாபகம் வரும். யாரும் சொல்லித்தரல.'

டை ஒரு கெச்சப் அட்டைப்பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். மேடம் இரண்டு தடவை படித்தார்.

"இதுக்கு என்ன அர்த்தம்னு தெரியும்தானே?"

"தெரியும் மேடம்."

"முட்டாள்னு உன்ன யாராவது சொல்லியிருக்காங்களா?"

"நிறைய பேரு மேடம்."

"தப்பு," என்றார் மேடம். "திமிர் பிடிச்சவள்னு சொல்லியிருக்கணும்." கறுப்புத் தொப்பியைப் பைக்குள் போட்டுக்கொண்டு, கையை நீட்டிச் சிவப்புத் தொப்பியையும் வாங்கிக்கொண்டார்.

வீட்டில் அம்மா பிரதியைப் படித்தாள். பிறகு மகளின் தலையைப் பார்த்தாள்.

"கறுப்பு?"

"இல்ல."

"இருந்த சிவப்பு?"

"அதையும் புடுங்கிட்டாங்க."

"ஞாபகம்ங்கற வார்த்தைய மட்டும் சரியா எழுதியிருக்கா," என்றாள் அக்கா, தோளுக்கு மேலே எட்டிப்பார்த்து.

"திங்கக்கிழமையிலிருந்து டியூஷன்," என்றாள் அம்மா.

"போறேன். ஆனா புத்தகத்த ஒரு தடவ காட்டிட்டு வாத்தியாரு பிடுங்கி வச்சுக்கணும். முடியுமான்னு கேளு."

"ஏண்டி, இவ்ளோ ஞாபகம் வச்சிருக்கிறவ, நேத்து மழைக்கு ஜன்னல சாத்தச் சொன்னத எப்படி மறந்த? ஃப்ரிட்ஜ்ல எழுதியே ஒட்டியிருந்தேனே?"

"அதனாலதான்."

அம்மா அவளை உற்றுப் பார்த்தாள். விடிவதற்கு முன்பே வேலைக்குப் போகிறவள் என்பதால், வீட்டை அவள் நடத்துவதே அந்த ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுகிற சீட்டுகளால்தான். இருபது இருக்கும். எழுந்து போய் முதல் சீட்டை உரித்தாள். உரக்கப் படித்தாள். கசக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டாள். அடுத்தது. தண்ணீர் மோட்டார், பால்காரர், பல் டாக்டர், மின்சார ஆபீஸ் நம்பர். துணி மடிக்கிற வேகத்தில் உரித்தாள். கடைசிச் சீட்டு தொட்டியில் விழுந்ததும் அக்கா அலறினாள்.

"அம்மா! அதுல என் பரீட்ச தேதி இருந்திச்சு!"

அக்கா குப்பைத் தொட்டிக்குள் கையை விட்டுத் துழாவினாள். வெங்காயம் நாற்காலியை விட்டு எழவில்லை.

"பதினாலாம் தேதி. காலைல பத்தரை. ரெண்டாவது மாடி. கால்குலேட்டர் எடுத்துட்டுப் போகக் கூடாது."

அக்கா நம்பவில்லை. தொட்டியைத் தரையில் கவிழ்த்தாள். அம்மா, கறுப்புத் தொப்பிக்காக மாதக் கடைசி நாளை வட்டம் போட்டிருந்த காலண்டரையும் ஆணியிலிருந்து கழற்ற ஆரம்பித்தாள்.