டாஸோவுக்கு மாத்திரை கொடுத்தது யார்

என் தங்கை வெர்லியும் அவள் புருஷன் கெர்வினும் பிரிந்தபோது வீடு, படகு, உறைபெட்டியில் கிடந்த மான்கறி வரைக்கும் பங்கு பிரித்துவிட்டார்கள். நாயை மட்டும் பிரிக்க முடியவில்லை. டாஸோ இரண்டு பேருக்கும் வேண்டும். ஆனால் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க மாட்டார்கள். அதனால் இரண்டு வாரம் அவளிடம், இரண்டு வாரம் அவனிடம் என்று ஏற்பாடு. கொண்டுபோய் விடுவதும் கூட்டி வருவதும் நான். என்னை யாரும் கேட்கவில்லை. "அண்ணாகிட்ட வண்டி இருக்கு" என்று வெர்லி சொன்னாள். "மச்சானுக்கு ஞாயித்துக்கிழமை வேற என்ன வேலை" என்று கெர்வின் சொன்னான். விவாகரத்து ஆன பிறகும் அவன் என்னை மச்சான் என்றுதான் கூப்பிடுவான். தீர்ப்பில் மச்சானைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையாம்.

எனக்கு ஹூமா என்கிற ஊருக்குத் தெற்கே, சதுப்பும் கால்வாயுமான பகுதியில், படகு எஞ்சின் பழுது பார்க்கும் கடை. வாரம் முழுக்க கிரீஸில் கிடந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வந்தால் புள்ளி போட்ட ஒரு பெரிய வேட்டை நாயை முன்சீட்டில் ஏற்றிக்கொண்டு கால்வாய்க்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலைந்தேன். அது ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக்கொண்டு ஊரையே மேற்பார்வை பார்க்கும். ஒரு கண் நீலம், ஒரு கண் பழுப்பு. அதன் எச்சில் என் காதில் பறந்து வந்து ஒட்டும்.

நாயோடு ஒரு துணிப்பையும் போகும். அதற்குள் போர்வை, கயிறு, தீனி, மெல்லுகிற எலும்பு. ஏப்ரல் மாதம் ஒரு தடவை அந்தப் பைக்குள் வெர்லி ஒரு மாத்திரைப் பெட்டியையும் வைத்தாள். இதயப்புழு வராமல் இருக்க மாதம் ஒன்று கொடுக்கிற மாத்திரை. எங்கள் ஊரில் கொசுவுக்கு லீவு கிடையாது. அந்தப் புழு கொசுக்கடியில்தான் வரும். இங்கே நாய் வைத்திருக்கிற எவனும் அந்த மாத்திரையை மறக்க மாட்டான். அப்படித்தான் நானும் நினைத்திருந்தேன்.

பிற்பாடுதான் எனக்குத் தெரிந்தது, வெர்லி மனசுக்குள் என்ன நினைத்தாள் என்றால், 'கல்யாணம் ஆன நாள்லேருந்து நான்தானே கொடுத்தேன், இனிமே இவன் கொடுக்கட்டும்.' பெட்டியை அனுப்பினாலே அவனுக்குப் புரிந்துவிடும் என்று விட்டுவிட்டாள். கெர்வின் பெட்டியைப் பார்த்தான். 'அவகிட்ட ஒண்ணு இருக்கும், இது உபரி போல' என்று ஃப்ரிட்ஜ் மேலே தூக்கி வைத்தான். இரண்டு பேரும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மற்றதெல்லாம் என் வழியாகத்தான் போகும். "நாய்க்கு நகம் வெட்டச் சொல்லு." "அவளை என் போர்வையைத் திருப்பி அனுப்பச் சொல்லு." "அவனைக் குடிச்சிட்டு நாயோட படகுல போக வேண்டாம்னு சொல்லு." இதை மட்டும் சொல்லவில்லை.

அக்டோபரில் கெர்வின் என் கடைக்கு போன் பண்ணினான்.

"மச்சான், இவனுக்கு என்னமோ ஆயிருச்சு. கால்வாய்க் கரை மேல நடக்கப் போனா பாதியிலயே படுத்துக்கிறான். காலையிலேருந்து இருமிக்கிட்டே இருக்கான்."

போனேன். கெர்வினின் வீடு வெள்ளத்துக்குப் பயந்து தூண்கள் மேல் உயர்த்திக் கட்டிய வீடு. படி ஏறுவதற்குள் எனக்கே மூச்சு வாங்கும். டாஸோ சமையலறைத் தரையில் கிடந்தது. என்னைப் பார்த்து வாலை ஆட்டியது, ஆனால் எழுந்திருக்கவில்லை. தொண்டையில் முள் சிக்கினாற்போல ஒரு வறட்டு இருமல்.

வெர்லியைக் கூப்பிட்டு என் போனை மேசை மேல் வைத்தேன், சத்தம் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

"மாத்திரை ஒழுங்கா கொடுத்தானான்னு கேளு" என்றாள்.

"எந்த மாத்திரை? அதை அவதானே கொடுக்கறா? மச்சான், அவகிட்ட கேளு."

"நான்தான் பெட்டியோட அனுப்பினேனே! ஏப்ரல்லயே! அவன்கிட்ட சொல்லுண்ணா."

"ரெண்டு பேருக்கும் காது கேக்குதுல்ல? நீங்களே பேசித் தொலைங்க" என்றேன்.

பேசவில்லை. கெர்வின் ஸ்டூல் போட்டு ஏறி ஃப்ரிட்ஜ் மேலே துழாவினான். பெட்டி வந்தது. ஒட்டின முத்திரை அப்படியே இருந்தது. மேலே எண்ணெயும் தூசியும் சேர்ந்து பிசுபிசுத்தது.

"பிரிக்கவே இல்லை" என்று போனில் சொன்னேன்.

அப்புறம் நடந்ததை நான் எழுத முடியாது. அவள் போனில் கத்த, அவன் போனைப் பார்த்துக் கத்த, நடுவில் நாய் இரும, எனக்கு மண்டை வெடித்தது. நான் என் சட்டைப்பையில் இருந்த கடை போனை எடுத்துக்கொண்டு வெளியே வந்து கால்நடை மருத்துவமனைக்குப் பேசினேன். அங்கே எடுத்த பெண் நிதானமாகக் கேட்டுக்கொண்டாள். "உடனே கூட்டிட்டு வாங்க சார். ரத்தம் சோதிக்கிற வரைக்கும் அந்த மாத்திரையை மட்டும் கொடுத்துடாதீங்க" என்றாள்.

உள்ளே திரும்பினேன். கெர்வின் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தான். அரிசியும் பன்றிக்கறியும் குடலுக்குள் அடைத்து வேகவைத்த, பூடான் என்கிற எங்கள் ஊர்ப் பண்டத்தில் ஒரு துண்டை நாயின் வாய்க்குள் ஊட்டிக்கொண்டிருந்தான். பக்கத்தில் கிழிந்த மாத்திரை உறைகள்.

"என்னடா பண்றே?"

"விட்டுப் போன மாசத்துக்கெல்லாம் சேர்த்துக் கொடுக்கறேன் மச்சான். இன்னிக்கே சரி பண்ணிடலாம்."

"அட மடையா! எத்தனை போட்டே?"

"ரெண்டு. இல்ல, இதோட மூணு. அவனுக்குப் பூடான்னா உசுரு, கடிக்கக்கூட இல்ல, அப்படியே முழுங்கிட்டான்."

அவன் முகத்தில் பெருமை இருந்தது. அதைப் பார்த்து அடிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. போனில் வெர்லி, "என்னண்ணா? என்ன பண்ணினான்? சொல்லுண்ணா!" என்று அலறிக்கொண்டிருந்தாள்.

நாயைப் போர்வையில் வைத்து இருவரும் படியிறக்கி வண்டியில் ஏற்றினோம். அவசரத்துக்கென்றே, படகுக்கு வழிவிடக் கால்வாய்ப் பாலத்தை நடுவில் தூக்கி வைத்திருந்தார்கள். ஒரு இறால் படகு, வலைகளை இரண்டு பக்கமும் தூக்கிக் கட்டிக்கொண்டு, உலகத்தில் யாருக்கும் எந்த வேலையும் இல்லாத மாதிரி ஊர்ந்து போனது. அதன் எஞ்சினை நான்தான் போன மாதம் சரி செய்தேன். படகோட்டி என்னைப் பார்த்துக் கை வேறு ஆட்டினான். ஹாரன் அடித்தேன், திட்டினேன், பாலக்காரன் காதில் விழவில்லை. கெர்வின் பின்சீட்டில் நாயின் தலையை மடியில் வைத்திருந்தான். பாலம் இறங்கியபோது நாய் வாந்தி எடுத்தது.

"மச்சான், ஈறெல்லாம் வெளுத்துப் போச்சு. மச்சான், வேகமா போ."

"வேகமாத்தான்டா போறேன்!"

போனில் நான் இடத்தைச் சொன்னதுமே கிளம்பியிருந்த வெர்லி மருத்துவமனை வாசலில் எங்களுக்கு முன்பே நின்றுகொண்டிருந்தாள். டாக்டர் லான் ஃபாம் ஒல்லியான அம்மாள். அவர் அப்பாவும் இறால் படகுக்காரர்தான். வாந்தியைப் பார்த்தார், ஈறைத் தொட்டார், கெர்வின் நீட்டிய உறைகளை வாங்கிப் படித்தார். நாயைத் தள்ளுவண்டியில் போட்டு உள்ளே தள்ளிக்கொண்டு போனார். நரம்பில் மருந்து ஏறியது, மூக்கில் ஆக்ஸிஜன். நாங்கள் மூன்று பேரும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தோம். நான் நடுவில். வேறு எங்கே?

சாயங்காலம் அவர் வெளியே வந்தார். நாய் பிழைத்துக்கொண்டது என்று முதலில் சொன்னார். பிறகு முகம் மாறியது.

"இதயப்புழு இருக்கு. ரத்தத்துல குஞ்சுப் புழு ஏராளம். நீங்க கொடுத்த மாத்திரை அதுகளை ஒரே நேரத்துல கொன்னிருக்கு. அது செத்து ரத்தத்துல கலந்ததும் உடம்பு தாங்கல, அதிர்ச்சி வந்திருச்சு. மாத்திரை கெட்டது இல்ல. ஆரோக்கியமான நாய்க்கு மாசாமாசம் கொடுத்தா காவல். விட்டுப் போச்சுன்னா முதல்ல சோதிக்கணும், அப்புறம் நாங்க சொல்ற அளவுல, நாங்க சொல்ற விதத்துல கொடுக்கணும். சேர்த்துக் கொடுத்துச் சரி பண்றதுன்னு ஒண்ணு கிடையாது. மறந்தது யாரு?"

"அவன்" என்றாள் வெர்லி.

"அவ" என்றான் கெர்வின், அதே நொடியில்.

டாக்டர் என்னைப் பார்த்தார். "நான் டிரைவர்" என்றேன்.

சிகிச்சை எப்படி என்று சொன்னார். முதலில் ஒரு மாதம் மாத்திரைகள். பிறகு பெரிய புழுக்களைக் கொல்ல முதுகுச் சதையில் ஆழமாக ஊசி, இடைவெளி விட்டுத் திரும்பவும். அது கூடப் பெரிதில்லை. செத்த புழு துண்டு துண்டாகி நுரையீரலுக்குப் போகும். அப்போது நாய் ஓடினால், குதித்தால், படி ஏறினால், ரத்தக்குழாய் அடைத்து உயிர் போகலாம். வசந்தம் வரைக்கும் கூண்டு. வெளியே போனால் கயிற்றோடு, மெதுவாக, காரியம் முடிந்ததும் திரும்பிவிட வேண்டும்.

"யார் வீட்ல வச்சுப் பார்த்துக்கப் போறீங்க?"

கெர்வினின் வீட்டுக்கு முழுக்கப் படி. வெர்லியின் பக்கத்து வீட்டில் கோழிகள். அவற்றின் சத்தம் கேட்டாலே டாஸோ கதவை உடைக்கும். இரண்டு பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். பிரிந்த பிறகு அவர்கள் சேர்ந்து செய்த முதல் காரியம் அதுதான்.

இப்படி டாஸோ என் வீட்டுக்கு வந்தது. ஓடுவதற்கென்றே பிறந்த நாயைப் படுக்க வைப்பது எவ்வளவு பெரிய கொடுமை என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது. விடிந்ததும் கூண்டுக் கம்பியைக் கால் நகத்தால் மீட்டும். வெளியே அணில் தெரிகிறதென்று ஜன்னலுக்கு அட்டை அடித்தேன். என் வீடு குகையானது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு மழையில் நிற்பேன், அது ஒவ்வொரு புல்லாக முகர்ந்து யோசிக்கும். மாத்திரையை வெண்ணெயில் புதைத்துக் கொடுத்தால் வெண்ணெயை நக்கிவிட்டு மாத்திரையை என் செருப்பில் துப்பும். விழுங்கிவிட்டதா என்று தெரிய வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கி, கன்னத்துக்குள் விரல் விட்டுப் பார்த்தாக வேண்டும். என் தட்டில் விழுந்த முடியை நான் எண்ணுவதையே விட்டுவிட்டேன்.

அதோடு போகவில்லை. அவர்கள் இருவரும் பார்க்க வந்தார்கள். தனித்தனியாக.

"கூண்டை ஏன் இங்க வச்சிருக்கே? காத்தே வரல" என்பாள் வெர்லி.

நகர்த்துவேன். கெர்வின் வருவான். "இங்க குளிரடிக்குதே மச்சான், பாவம்டா அவன்."

திரும்ப நகர்த்துவேன். அந்தக் கூண்டு என் வரவேற்பறையில் சுற்றிய சுற்றுக்கு, நாய் நடக்காவிட்டாலும் ஊர்வலம் போனதாகக் கணக்கு.

கிறிஸ்துமஸ் சமயத்தில் கெர்வின் நாயைப் பார்த்த சந்தோஷத்தில் கூண்டைத் திறந்துவிட்டான். அது பாய்ந்து சோபாவைத் தாண்டியது. நான் கத்தின கத்தலில் தெருவே வந்தது. "ஒரு தாவல்தானே மச்சான்" என்றான். நாயைக் கூண்டில் அடைத்துவிட்டு, அவன் கழுத்தைப் பிடித்து வாசல் வரை தள்ளிக்கொண்டு போனேன். அவன் படியில் உட்கார்ந்து அழுதான். "நான்தான் கொன்னுருப்பேன் அவனை. என் கையாலயே ஊட்டினேன்" என்றான். கோபம் போகவில்லை, ஆனால் உள்ளே கூப்பிட்டுக் காபி கொடுத்தேன்.

கடைசி ஊசிகள் பிப்ரவரியில். முதுகைத் தொட்டால் உறுமியது. காய்ச்சல் வந்தது, இருமல் திரும்பியது. டாக்டர் சொல்லியிருந்த மருந்தையெல்லாம் கொடுத்துவிட்டு நான் இருவருக்கும் போன் செய்தேன், வேண்டுமென்றே ஒரே நேரத்துக்கு. வந்தார்கள். கூண்டுக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் அவன், தரையில்.

"சொல்லியிருக்கலாம் நீ" என்றான் கெர்வின். என்னைப் பார்த்து இல்லை.

"கேட்டிருக்கலாம் நீ" என்றாள் வெர்லி.

அவ்வளவுதான். நான் எதிர்பார்த்த மன்னிப்பு எதுவும் வரவில்லை. அப்புறம் எந்தப் போர்வை மெத்தென்றிருக்கும் என்று சண்டை போட்டார்கள், ஆனால் நேருக்கு நேராக. என் வழியாகச் சொல்லாமல் அவர்கள் போட்ட சண்டை அது. நான் சமையலறைக்குப் போய் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இருமல் அடங்கியது. ஏப்ரலில் நாங்கள் மூன்று பேரும் கூட்டிப் போனபோது டாக்டர் கூண்டுக் கட்டுப்பாட்டை நீக்கினார். புழு முழுக்கப் போய்விட்டதா என்று வருஷக் கடைசியில் ஒரு சோதனை பாக்கி இருக்கிறது; ஆனால் இனி மெல்ல மெல்ல நடக்கலாம், ஓடலாம் என்றார். எடை போட்டார். புருவத்தை உயர்த்தினார்.

"பழைய அளவு மாத்திரை இவனுக்குப் பத்தாது. எடைக்குத் தக்கபடிதான் கொடுக்கணும். ஒரு படி மேல போயிட்டான்." புதுப் பெட்டியை எடுத்தவர், கெர்வினைப் பார்த்தார், வெர்லியைப் பார்த்தார், பெட்டியை என் கையில் வைத்தார். "மாசாமாசம் நீங்களே. வேற யாரும் வேண்டாம்."

அங்கிருந்து நேராகக் கால்வாய்க் கரைக்குப் போனோம். கெர்வின் கயிற்றை அவிழ்த்தான். வெர்லி கை தட்டினாள். "ஓடுடா கண்ணா! ஓடு!"

டாஸோ பத்தடி நடந்தது. புல்லை முகர்ந்தது. அப்படியே உட்கார்ந்து, பிறகு சாய்ந்து படுத்து, எங்களைத் திரும்பிப் பார்த்தது.

"என்னண்ணா இது, பன்னி மாதிரி ஆக்கி வச்சிருக்கே?" என்றாள் வெர்லி.

"ஆமா மச்சான், என்னத்தைப் போட்டு ஊட்டினே? வயிறு தரையில இழுக்குது பாரு" என்றான் கெர்வின். இருவரும் தலையாட்டிக்கொண்டார்கள். நாயை என் தலையில் கட்டியதற்குப் பிறகு அவர்கள் ஒத்துப்போனது இந்த ஒரு விஷயத்தில்தான்.

நான் வண்டிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். கண்ணாடிக்கு வெளியே அவர்கள் இருவரும் நாயை எழுப்ப முயன்றுகொண்டிருந்தார்கள், ஒருவர் முன்னாலிருந்து இழுத்து, ஒருவர் பின்னாலிருந்து தள்ளி. யாராவது பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.