முப்பத்தெட்டு இன்ச் மட்டை

ஹாக்கி மட்டை கேட்டு யார் வந்தாலும் ஜெகநாதன் முதலில் கேட்பது ஒன்றுதான்.

"ஆடறதுக்கா, அடிக்கறதுக்கா?"

அதில் கிண்டல் எதுவும் இல்லை. பந்தே வாங்காமல் மட்டையை மட்டும் கட்டாக வாங்கிப் போகிறவர்கள் திருப்பதியில் உண்டு. தேர்தல் வந்தால் இன்னும் அதிகம். அவர்களுக்காகக் கனமான மர மட்டைகளைக் கடையின் ஒரு மூலையில் தனியாகச் சாய்த்து வைத்திருந்தார்.

"ஆடறதுக்குத்தான்," என்றாள் கலைவாணி. பொய் சொன்னாள். சொல்லும்போது வழக்கம்போல வாயைக் கையால் மறைத்துக்கொண்டாள்.

மூன்று முன்பற்கள் போய் நாலு மாதம் ஆகியிருந்தது. சித்தூர் மைதானத்தில் திருப்பதிக் கல்லூரியின் பிரீத்தி ஓங்கிய மட்டை பந்தை விட்டுவிட்டு அவள் வாயில் இறங்கியது. கலைவாணி மண்டியிட்டுப் பற்களை உள்ளங்கையில் துப்பியபோது, நடுவர் பிரீத்திக்கு எச்சரிக்கையாகப் பச்சை அட்டையைக் காட்டிவிட்டு ஆட்டத்தைத் தொடரச் சொன்னார். தெரியாமல் பட்டதாம். பிரீத்தி ஒரு முறை திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான். உதட்டில் தையல் போட்ட இடம் இன்றும் தடித்துக் கிடந்தது. 'ச' வரும் சொற்களெல்லாம் காற்றாகப் போயின.

நாளைக்கு இங்கே திருப்பதியில் அதே பிரீத்தியின் அணியோடு ஆட்டம்.

ஜெகநாதன் அவள் பக்கத்தில் ஒரு மட்டையை நிறுத்திப் பார்த்தார். பிடியின் நுனி இடுப்பெலும்புக்குச் சரியாக நின்றது. "முப்பத்தாறரை. வெயிட்டும் கம்மி. முன்னால ஆடற பொண்ணுக்கு இதான் கரெக்ட். மணிக்கட்டு சுளுவா திரும்பும்."

கலைவாணி அதைக் கையில் வாங்கவில்லை. மூலைக்குப் போய் முப்பத்தெட்டு இன்ச் மட்டை ஒன்றை எடுத்தாள். தூக்கியதுமே தோள் இறங்கியது.

"அது உனக்கு ஆவாதும்மா. ஓங்கினா பாதியில நிறுத்த முடியாது. கை சொன்ன பேச்சைக் கேக்காது."

"அதையே குடுங்க," என்றான் அண்ணன் பிரவீன். நகரியில் விசைத்தறி ஓட்டுகிறவன். இதற்காகவே லீவு போட்டுவிட்டு வந்திருந்தான். தங்கையிடம் குனிந்து சொன்னான்: "அவ முட்டிய ஒடச்சிடு. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

ஜெகநாதன் அவள் வாயைப் பார்த்தார். பிறகு மட்டையைத் துணியால் துடைத்துக் கொடுத்தார்.

ஆட்டம் காலையில் தொடங்கியது. பந்து வந்த ஒவ்வொரு தடவையும் கலைவாணியின் மட்டை பின்தங்கியது. இரண்டு பந்துகள் அவள் காலடியிலேயே பறிபோயின. "இன்னிக்கு என்னடி ஆச்சு உனக்கு?" என்று கேட்டாள் பக்கத்தில் ஆடிய அலர்மேல். திருமலைக் கோயில் மடைப்பள்ளியில் வேலை செய்யும் லக்ஷ்மிநரசிம்மனின் மகள். சித்தூர் விடுதியில் கலைவாணியோடு ஒரே அறை. கலைவாணியின் கண் பிரீத்தியின் முழங்காலை விட்டு நகரவே இல்லை.

இரண்டாம் பாதியில் பிரீத்தி பந்தோடு அவளை நோக்கி வந்தாள். கலைவாணி இரண்டு கையாலும் மட்டையைத் தோளுக்கு மேல் தூக்கி முழங்காலைக் குறிவைத்து வீசினாள். பிரீத்தி பந்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு துள்ளி விலகினாள். அந்த நொடியில் பிரீத்திக்கு அந்தப் பக்கத்திலிருந்து பந்தைப் பறிக்க முழங்கால் உயரத்துக்குக் குனிந்தபடி அலர்மேல் பாய்ந்து வந்தாள். கலைவாணி பார்த்துவிட்டாள். நிறுத்தப் பார்த்தாள். மட்டை நிற்கவில்லை.

பச்சைத் தேங்காயைக் கல்லில் அடித்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அலர்மேலுக்குக் கத்தக்கூட நேரமில்லை. இடது கண்ணுக்குக் கீழே எலும்பு உள்ளே போயிருந்தது. மண்ணில் முகம் குப்புற விழுந்தவளைப் பிரீத்திதான் புரட்டிப் போட்டுத் தன் பனியன் நுனியால் கண்ணை அழுத்திப் பிடித்தாள். ரத்தம் அவள் முழங்கை வரை வழிந்தது.

கூட்டத்திலிருந்த பிரவீனுக்குத் தெரிந்ததெல்லாம் தங்கையின் அணிச் சட்டையும், தரையில் கிடந்த ஒரு பின்னலும், மேலே குனிந்திருந்த பிரீத்தியும்தான். விழுந்தது தங்கை என்றே நினைத்தான். கையில் கிடைத்த மட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு ஓடிவந்து பிரீத்தியின் பின்மண்டைக்கு ஓங்கினான்.

கலைவாணி குறுக்கே வலது கையை நீட்டினாள். எலும்பு முறிந்த வலி தோள் வரை ஏறியது.

"அவ இல்லடா. அடிச்சது நான்டா," என்றாள்.

அந்தக் கூச்சலில் அது பிரவீன் காதிலும் பிரீத்தி காதிலும் மட்டும்தான் விழுந்தது. அதற்குள் பிரீத்தியின் ஆட்கள் வந்து பிரவீனைக் கீழே தள்ளி மிதித்தார்கள். விலாவில், காதில், முகத்தில். போலீஸ் வந்து தடியால் அடித்துத்தான் கூட்டத்தைக் கலைக்க முடிந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் பிரீத்தியை பெஞ்சில் உட்கார வைத்துப் போலீஸ்காரர் எழுதிக்கொண்டிருந்தார். யார் அடித்தது என்று புழுதியில் நடுவருக்கே சரியாகத் தெரியவில்லை. தான் இல்லை என்று பிரீத்தி சொன்னதை யாரும் நம்பவில்லை; ரத்தம் அவள் மேல்தான் இருந்தது. முன்பு ஒருத்தியின் பல்லை உடைத்தவளும் அவள்தான்.

கட்டிலில் கிடந்த பிரவீன் வீங்கிய உதட்டை அசைத்தான். "நீ வாயத் தொறக்காத. சாமியே குடுத்த மாதிரி அவளே மாட்டிக்கினா. பேசாம இரு."

பேசாமல் இருப்பது சுலபமாகத்தான் இருந்தது. கட்டுப்போட்ட கையைத் தாங்கியபடி கலைவாணி வராந்தாவைப் பார்த்தாள். பிரீத்தி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்; கெஞ்சவில்லை. அப்போதுதான் அலர்மேலின் அப்பா லக்ஷ்மிநரசிம்மன் மலையிலிருந்து வேலை செய்த வேட்டியோடே இறங்கி வந்து சேர்ந்தார். மூச்சு வாங்க நின்று, யாரிடம் கேட்பது என்று தெரியாமல், தெரிந்த முகமான கலைவாணியிடம் கேட்டார்.

"குழந்தையை யாரும்மா அடிச்சா?"

"நான்தான் மாமா. பிரீத்திய அடிக்கப் போனேன். அலர்மேல் மேல பட்டுடுச்சு."

அவர் உள்ளே போய்விட்டார். பிரீத்தி எழுந்து வந்து கலைவாணியின் கன்னத்தில் அறைந்தாள். உதட்டில் பழைய தையல் போட்ட இடம் கிழிந்து ரத்தம் வந்தது. போலீஸ்காரர் உட்பட யாரும் தடுக்கவில்லை. கலைவாணியும் முகத்தைத் திருப்பவில்லை.

கலைவாணி மேல் வழக்குப் பதிந்தார்கள். இரண்டு வருடம் எங்கேயும் ஆடக்கூடாது என்றார்கள். பிரவீன் மிதிபட்ட காது கேளாமலே நகரிக்குத் திரும்பினான். அவளோடு பேச்சை நிறுத்திக்கொண்டான். அலர்மேலுக்கு எலும்பை நிமிர்த்தித் தகடு வைத்தார்கள். இடது கண்ணின் பார்வை வெளிச்சம் தெரிகிற அளவுக்குத்தான் திரும்பியது.

அலர்மேல் அவளைப் பார்க்கச் சம்மதித்தபோது ஆஸ்பத்திரியை விட்டுப் போகும் நாள் நெருங்கியிருந்தது.

"அது பிரீத்தி மேலயே பட்டிருந்தா, வந்து சொல்லியிருப்பியா?"

கலைவாணி யோசித்தாள். "மாட்டேன்."

அலர்மேல் நல்ல கண்ணையும் மூடிக்கொண்டாள். இனி பேசமாட்டாள் என்று நினைத்துக் கலைவாணி எழுந்தாள்.

"கஞ்சி ஆறிண்டிருக்கு," என்றாள் அலர்மேல். "எனக்குக் குனிய முடியலை. ஊட்டி விட்டுட்டுப் போ."

கலைவாணி இடது கையால் கரண்டியை எடுத்தாள். பழக்கமில்லாத கை. முதல் வாயில் பாதி போர்வையில் சிந்தியது.