ஆரஞ்சா, சிவப்பா

வாத்தியாருக்கு ஆரஞ்சுக்கும் சிவப்புக்கும் வித்தியாசம் தெரியாது. வாய் கிழியப் பேசுகிற மனுஷர், இதை மட்டும் பெண்டாட்டியிடம்கூடச் சொன்னதில்லை. அப்படி ஒரு வீம்பு!

மூட்டு ஆபரேஷன் ஆன அம்மாவுக்காக மகள் வாங்கிக் கொடுத்த வெந்நீர்த் தொட்டி வீட்டுக்குப் பின்னால் இருந்தது. காலையில் அதில் இறங்கிக் காலை நீட்டி மடக்கினால்தான் அவளால் அன்றைக்கு நடமாட முடியும். தண்ணீர் வாத்தியார் பொறுப்பு. வடிகட்டியைக் கழுவுவார், குளோரின் போடுவார், சோதனைத் தாளை முக்கி எடுப்பார். ஆரஞ்சு வந்தால் தண்ணீர் சரி, சிவப்பு வந்தால் ஆசிட் ஊற்ற வேண்டும். தாளின் நிறத்தை டப்பாவில் உள்ள கட்டங்களோடு ஒத்துப் பார்க்கும்போது மட்டும், "கண்ணாடியை எங்க வச்சேன்? நீயே பாத்துச் சொல்லேன்" என்பார். கண்ணாடி சட்டைப் பையிலேயே இருக்கும்.

போன வாரம் அவள் அசந்து தூங்கினாள். எழுப்ப மனசு வராமல் அவரே நிறம் பார்த்து ஆசிட் ஊற்றினார். அவள் உடம்பெல்லாம் தடித்துப் போனது. மகள் போனில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: "இனிமே ஆள் வந்து பாக்கட்டும்ப்பா. நீங்க தொடவே வேண்டாம்." பெண்டாட்டியின் காலுக்கென்று அவரால் செய்ய முடிந்தது அது ஒன்றுதானே!

ஆள் வரவேண்டிய காலை, ஆசிட்டை முறிக்கத் தொட்டியில் சோடாத் தூளைப் போட்டுவிட்டு அவரே இறங்கி உட்கார்ந்தார். கைத்தடியை ஊன்றிக்கொண்டு அவள் வந்தாள்.

"நீங்க எதுக்கு இதுல ஊறிட்டு இருக்கீங்க?"

"எரியுதான்னு பாக்கறேன். எரிஞ்சா எனக்கு எரியட்டும்."

"உங்க எருமைத் தோலுக்கு என்ன தெரியும்? தாள் எங்க?"

வாத்தியார் தாளை நீட்டினார். கண்ணாடி மூக்கின் மேலேயே இருந்தது. "இது என்ன கலர்னு எனக்குத் தெரியலை," என்றார். "எப்பவுமே தெரிஞ்சதில்லை."

"தெரியுமே. பச்சைன்னு ஆசையா வாங்கிட்டு வந்தீங்களே ஒரு ஸ்வெட்டர், அது பழுப்பு."

"அதையா இருபது வருஷம் போட்டே?"

"நல்லாத்தான இருந்துச்சு." தாளை வெளிச்சத்தில் பிடித்தாள். "சிவப்பு. சோடாவை அள்ளிக் கொட்டியிருக்கீங்க. மேல வாங்க. ஒரு மூடி ஆசிட் ஊத்தி மோட்டாரைப் போடுங்க, அரை மணி கழிச்சு மறுபடி பாக்கறேன்."

வாசலில் மணி அடித்தது. வாத்தியார் சொட்டச் சொட்ட அப்படியே நின்றார். அவள் வாசல் பக்கம் திரும்பி உரக்கக் குரல் கொடுத்தாள்.

"தண்ணி பாக்க எங்க வீட்டுலயே ஆள் இருக்குப்பா! நீங்க போய்ட்டு வாங்க!"