சாயம் இறங்கும் வேர்

மலேசியாவின் கிள்ளான் நகரில் போலி ஜின்செங் வேரைக் காய்ச்சிக் குடித்தவர் மறுநாள் காலையில் வீட்டில் இருக்கமாட்டார். அவருடைய பதிலாள் இருப்பார்.

புஷ்பலீலா வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. கணவர் தனபாலனுக்கு இருமல் விடவில்லையென்று வேரைக் காய்ச்சி, வழக்கம்போல ஒரு கரண்டி ருசி பார்த்துவிட்டுத்தான் கொடுத்தாள். ருசி பார்க்காமல் அவள் யாருக்கும் எதையும் கொடுத்ததில்லை. காலையில் தனபாலனின் கைலியைக் கட்டிக்கொண்டு ஒருவர் போர்வையை மடித்துக்கொண்டிருந்தார். அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தனபாலன் ஒரு தலையணையைக்கூட எடுத்து வைத்த ஆளில்லை.

முகம் அதேதான். கையில் மச்சமும் இருந்தது.

"இருமல் சுத்தமா போச்சும்மா" என்றார் அவர். "டீ போடட்டுமா?"

நல்ல மனிதர்தான். அதற்காக வைத்துக்கொள்ள முடியுமா? தொட்டதற்கெல்லாம் சண்டை பிடிக்கும் அந்த மனிதர்தான் அவளுக்கு வேண்டும். வந்தவரைக் கையோடு அழைத்துக்கொண்டு ஆ செங்கின் மருந்துக்கடைக்குப் போனாள். ஆ செங் அந்தத் தெருவிலேயே பிறந்த சீனர். எல்லாருக்கும் அவர் 'தவுக்கே', அதாவது முதலாளி. தமிழ் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு.

"இதுவும் ஜின்செங் குடும்பத்து வேர்தான் லா" என்றார் ஆ செங். "விலை ஏறிப்போச்சு. மொத்த வியாபாரியே கலந்து அனுப்பறான்."

"உங்களை நம்பித்தானே தவுக்கே வாங்கினேன்!"

வீட்டுக்கு வேற்றாள் வந்ததைவிட, பழகின கடை கழுத்தறுத்ததைத்தான் அவளால் தாங்கமுடியவில்லை.

ஆ செங் பதறவில்லை. சந்தேக வேரைச் சோதிப்பதுபோலவே, வந்தவரின் கையை வெந்நீரில் ஊறவைத்தார். மஞ்சள் சாயம் இறங்கியது. மச்சம் கழன்று மிதந்தது. "போலிதான்" என்று ஒப்புக்கொண்டு, மச்சத்தைத் துடைத்து அவரிடமே கொடுத்தார்.

பிறகு, தன் அம்மாவுக்கென்று பூட்டி வைத்திருந்த நிஜ வேரை எடுத்துவந்தார்.

"இவர் குடிச்சா அவர் திரும்பிடுவார். ஒரு ஆளுக்குத்தான் பத்தும். ஒரு சொட்டு குறையக்கூடாது."

அதனால் அன்று இரவு வீட்டில் அதைக் காய்ச்சியபோது மட்டும் புஷ்பலீலா ருசி பார்க்கவில்லை. வந்தவர் ஒரே மூச்சில் குடித்தார். கோப்பையைக் கழுவட்டுமா என்று கேட்டார். பாவமாக இருந்தது. காலையில் நான் கழுவிக்கொள்கிறேன் என்றாள்.

காலையில் படுக்கை காலி. போர்வை மடித்திருந்தது.

கோப்பையில் காய்ந்து ஒட்டியிருந்ததை வெந்நீர் விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தபோது வாசலில் இருமல் கேட்டது. அசல் இருமல்! அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஈரக்கையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டே ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள்.

தனபாலன் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒரு படி பின்னால் இறங்கினார்.

"மன்னிச்சிருங்கக்கா. புஷ்பலீலா இல்லீங்களா?"

அவள் தன் கைகளைப் பார்த்தாள். விரல்களிலிருந்து மஞ்சள் நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"உள்ள வந்து உக்காருங்க" என்றாள். "இப்ப வந்துருவாங்க."