இருபதாவது பெயர்

"'அரசுப் பள்ளி ஆசிரியை'ன்னு எழுதிட்டியா?" பேனாவைப் பிடுங்காத குறையாகக் கேட்டான் கணவன். "அடிச்சிடு. 'கல்வித் துறை'ன்னு போடு. பொதுவா இருக்கட்டும்."

சாப்பாட்டு மேசையில், மகளை முதல் வகுப்பில் சேர்க்கத் தனியார் பள்ளியின் விண்ணப்பம் விரிந்து கிடந்தது. வழவழப்பான தாள். 'தாயின் தொழில்' என்ற கட்டத்தில் அவள் எழுதியது இன்னும் காயவில்லை.

"ஏன், நான் திருடப் போறேனா?"

"அதுக்கில்லம்மா," என்றாள் நாத்தனார். அந்தப் பள்ளியில் இடம் பிடித்துக் கொடுத்தவள் அவள்தான். அதனால் நாற்காலியில் கொஞ்சம் அகலமாகவே உட்கார்ந்திருந்தாள். "இன்டர்வியூல கேப்பாங்க. கவர்மென்ட் ஸ்கூல்னா மூஞ்சி சுருங்கும்."

"அந்தச் சம்பளத்துலதான் அண்ணி ஃபீஸ் கட்டப் போறோம்."

"அதான் சம்பளத்த ஏத்திட்டாங்களே!" கணவன் சிரித்தான். "இனிமே ஸ்கூல் வேனுக்கும் சேத்தே கட்டிடலாம்." மாநில அரசு தன் வீட்டு வேனுக்காகவே ராத்திரி பகலாக யோசித்து உத்தரவு போட்டது போல ஒரு சிரிப்பு.

அவள் எதையும் அடிக்கவில்லை. தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

அந்த வருடம் அரசு ஆசிரியர் சம்பளத்தை மட்டும் உயர்த்தவில்லை. பள்ளிகளுக்கும் பணம் ஒதுக்கியிருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் முதல் வகுப்பில் இருபது பிள்ளைகள் சேர்ந்தால் புது வகுப்பறை, கூட ஓர் ஆசிரியர். சேராவிட்டால் அந்தப் பணம் வேறு பள்ளிக்குப் போய்விடும். அவளோ ஒரே அறையில் இரண்டு வகுப்பு நடத்திக்கொண்டிருந்தாள். கரும்பலகையின் நடுவே ஒரு சுண்ணாம்புக் கோடு: இந்தப் பக்கம் எழுத்து, அந்தப் பக்கம் பெருக்கல். இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் அந்தப் பக்கத்தைப் பார்த்து மிரண்டுபோய் உட்கார்ந்திருப்பார்கள்.

மூன்று வாரமாக வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கினாள். பத்தொன்பது சேர்ந்தது. இருபதாவதுக்குத்தான் தெருவில் இருந்த இஸ்திரிக்காரம்மாவிடம் அவள் மகளைச் சேர்க்கச் சொல்லிக் கேட்டாள்.

"உங்க பாப்பா எங்க டீச்சர் படிக்குது?"

"இன்னும் சேக்கல."

இஸ்திரிப் பெட்டி சட்டைக் காலரை விட்டு நிமிரவில்லை. "அப்ப நீங்க சேத்துட்டுச் சொல்லுங்க. நானும் சேக்குறேன்."

அந்தக் குரலில் கோபம் இல்லை.

வெள்ளிக்கிழமை தலைமையாசிரியர் சேர்க்கைப் பதிவேட்டைத் தட்டினார். "ஒன்னுதானே கொறையுது? ஒரு பேர நட்டு வைங்க டீச்சர்."

"பொய்ப் பேரா சார்?"

"எதுக்குப் பொய்?" என்று சிரித்தார் ஐந்தாம் வகுப்பு சார். "எம் பையன் பேரு இங்க அஞ்சு வருஷம் இருந்துச்சு. அவன் படிச்சது இங்கிலீஷ் ஸ்கூல்ல. ஆனா பாருங்க, இங்கதான் ஒரு நாள்கூட லீவு போடல!"

மேசை குலுங்கச் சிரித்தார்கள். இரண்டு பேரும் உயர்ந்த சம்பளத்துக்காக நேற்றுதான் இனிப்பு வழங்கியிருந்தார்கள். தங்கள் பிள்ளைகளைத் தங்கள் கையிலேயே ஒப்படைக்கத் துணியாத மனிதர்கள்! அவளுக்கு அருவருப்பாக இருந்தது. கைப்பையிலிருந்த வழவழப்பான தாளை நினைத்ததும் அந்த அருவருப்பு தன்மேலும் திரும்பியது.

பதிவேட்டை இழுத்து மகளின் பெயரை எழுதினாள்.

"சபாஷ்!" என்றார் தலைமையாசிரியர். "சொந்தப் பொண்ணுதான் பத்திரம். இன்ஸ்பெக்‌ஷன் அன்னிக்கு ஒரு நாள் கூட்டிட்டு வந்து காட்டிடலாம்."

"தினமும் வருவா சார்."

"இதே மாதிரி வர்ற ஆபீசருங்ககிட்டயும் சொல்லுங்க. கண்ண மூடிட்டு நம்பிடுவாங்க."

வீட்டில் கணவன் குதித்தான். "சம்பளம் ஏறினதும் திமிரும் ஏறிடுச்சா? ஊரே தண்ணி தெளிச்சு விட்ட ஸ்கூல்ல எம் பொண்ணா?"

"நான் நல்லாச் சொல்லித் தரேன்னுதான் எனக்குச் சம்பளம் ஏத்துறாங்க. நம்ம பொண்ணுக்குச் சொல்லித் தர நான் லாயக்கில்லன்னா, அந்தச் சம்பளமும் வேணாம்னு எழுதித் தரேன். குடுத்துடலாமா?"

ஏறிய சம்பளம் ஞாபகம் வந்திருக்க வேண்டும், அவன் உதவிக்கு அக்காவைப் பார்த்தான். நாத்தனார் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

திங்கட்கிழமை காலை மகள் முன்வரிசையில் உட்கார்ந்து, கரும்பலகையில் இருந்த கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலைமையாசிரியர் வாசலில் தலையை நீட்டினார். முகம் வெளிறிவிட்டது.

"என்ன டீச்சர், பாப்பாவ இன்னிக்கே கூட்டிட்டு வந்துட்டீங்க? இன்ஸ்பெக்‌ஷன் இன்னிக்கா? எனக்குத் தகவலே வரலையே!"

அவள் வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர்களைப் படிக்க ஆரம்பித்தாள். இருபதாவது பெயருக்கு, "உள்ளேன் டீச்சர்" என்று குரல் வந்தது. வீட்டில் அம்மா என்று கூப்பிடுகிற அதே குரல்.

வெளியே தலைமையாசிரியர் தேதியை விசாரிக்க அலுவலகத்துக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார். அவரைத் தாண்டி வந்து நின்ற இஸ்திரிக்காரம்மா முன்வரிசையில் இருந்த டீச்சர் பாப்பாவை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். பிறகு, உள்ளே போகட்டும் என்று, பிடித்திருந்த தன் மகளின் கையை விட்டாள்.