மூலை நாற்காலி

சட்டைப் பொத்தான் போட்டு விடுவதில் அந்த வார்டில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. நோயாளியின் விழுந்துபோன கையை முதலில் சட்டைக்குள் நுழைப்பாள், அடுத்து நல்ல கை, பிறகு காலரைப் பிடித்து ஓர் இழுப்பு. அவள் விரல்கள் கழுத்தில் தொடங்கி வயிறுவரை இறங்கி முடிக்கும்போது அந்த மனிதர் கொட்டாவியைக்கூட முடித்திருக்க மாட்டார். சூப்பர்வைசரம்மா அவளுக்கு மின்னல் என்று பெயர் வைத்தாள். அது பாராட்டா, வேலை வாங்கும் தந்திரமா என்று அவள் ஆராய்ந்ததில்லை. கூப்பிட்டால் திரும்புவாள்.

பக்கவாதம் வந்தவர்கள் தேறுவதற்கான மறுவாழ்வு மருத்துவமனை அது. வார்டுக்குப் பகலில் இரண்டே உதவியாளர்கள். டாக்டர்கள் சுற்றி வருவதற்குள் எல்லோரையும் கழுவித் துடைத்து, உடுத்தி, ஊட்டி, சக்கர நாற்காலியில் உட்கார வைத்துவிட வேண்டும். ஒருவர் கட்டிலில் கிடந்தாலும் சூப்பர்வைசரம்மாவின் முகம் கறுத்துவிடும்.

ஜன்னலோரக் கட்டில் பேருந்து ஓட்டுநருடையது. வலப்பக்கம் விழுந்துவிட்டது. கால் ஓரளவு திரும்பிவிட்டது, கை இன்னும் பிணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரி அங்கியைத் தொடவே மாட்டேன் என்று தன் வேலைச் சட்டைகளையே வீட்டிலிருந்து வரவழைத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"வா மின்னல். வண்டியை எடுக்கலாமா?"

"முதல்ல எழுந்து உக்காருங்கண்ணே. அப்புறம் வண்டி."

"வலது கை இன்னும் டெப்போவுலயே தூங்குது. இடது கைக்கு லைசென்ஸ் இல்ல. நான் என்ன செய்ய?"

சொல்லிக்கொண்டே மோவாயை உயர்த்துவார். சவரக் கடையில் உட்கார்ந்தவரைப் போல, கண்ணை மூடி, கழுத்தை நீட்டிக் கொடுப்பார். அவள் விரல்கள் இறங்கும். கண்ணைத் திறக்கும்போது அவள் அடுத்த கட்டிலில் இருப்பாள்.

புதன்கிழமை அவளுக்கு வார விடுமுறை. அன்றைக்கும் அதே கட்டடத்துக்குத்தான் வருவாள். சீருடை இல்லாமல், நல்ல உடையாக உடுத்தி, மாடிக்குப் போகாமல் கீழ்த்தளத்தில் ஆக்குபேஷனல் தெரபி அறைக்குள் நுழைந்து, மூலையில் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்துகொள்வாள்.

அவளும் அந்தத் தெரபிப் படிப்புக்கு விண்ணப்பிக்கப் போகிறாள். கை கால் விழுந்தவர்களுக்கு உடுத்தவும் குளிக்கவும் சமைக்கவும் மறுபடி கற்றுக்கொடுக்கிற படிப்பு, முதுநிலைப் பட்டம். தபால் வழியில் உளவியல் முடித்திருந்தாள். மாலை வகுப்பில் உடற்கூறு படித்துத் தேர்வும் எழுதிவிட்டாள். மிச்சம் இருந்தது ஒன்றுதான்: ஒரு தெரபிஸ்ட் வேலை செய்வதை நாற்பது மணி நேரம் கூடவே இருந்து கவனித்ததாக அவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். வார்டில் சம்பளத்துக்குச் செய்த வேலை எத்தனை வருடமானாலும் அதில் சேராது. மாதக் கடைசியோடு விண்ணப்பம் முடிகிறது. போன வருடம் அக்காவின் ஆபரேஷனில் தவறிப்போனது. அவளுக்கு முப்பத்து நான்கு வயது. இன்னொரு வருடம் தள்ளினால் பிறகு தனக்கே கேட்க வெட்கமாகிவிடும் என்று பயந்தாள்.

அக்காவுக்கு இந்த விதி கடைசிவரை புரியவில்லை. ரொட்டிக் கடையில் பொட்டலம் கட்டுகிறவள் அவள்.

"வேலை செஞ்சா கணக்குல வராது, சும்மா உக்காந்து வேடிக்கை பார்த்தா கணக்குல வருமா? அப்படி ஒரு படிப்பு எனக்கும் இருந்தாச் சொல்லுடி. நானும் வந்து உக்காந்துக்கறேன்."

அந்த அறையில் எரியாத அடுப்பு ஒன்றும், தண்ணீர் வராத குழாய் ஒன்றும், யாரும் தூங்காத கட்டிலும் உண்டு. குழந்தைகள் சொப்பு வைத்து விளையாடுவது போலப் பெரியவர்கள் அங்கே வீடு நடத்திப் பழகினார்கள். தெரபிஸ்ட் அவளைவிட வயதில் சின்னவள். அதிகம் பேச மாட்டாள்.

முதல் புதனிலேயே மின்னல் தப்புச் செய்துவிட்டாள். பயிற்சிக்கு வந்திருந்த ஓட்டுநர் இடது கையால் பொத்தானைப் பிடித்து, வலது கையின் கட்டைவிரலைக் காஜாத் துளையின் விளிம்பில் மாட்ட முயன்றுகொண்டிருந்தார். பொத்தான் நழுவியது. மறுபடி நழுவியது. மூன்றாவது முறை நழுவியபோது அவள் எழுந்து போய்ப் போட்டே விட்டிருந்தாள். எழுந்தது அவளுக்கே தெரியாது.

தெரபிஸ்ட் அந்தப் பொத்தானைக் கழற்றினாள்.

"உக்காருங்க. கையைத் தொடைக்கு அடியில வச்சுக்குங்க. நானும் படிக்கும்போது அப்படித்தான் உக்காந்திருந்தேன். இந்தப் படிப்புல பாதி அதுதான்."

அவள் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். சும்மா இருப்பது இவ்வளவு வலிக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை. விரல் நுனிகள் மரத்துப்போயின. ஓட்டுநருக்கு நெற்றியில் வேர்த்தது, உதடு கோணியது, மூச்சு வாங்கியது. ஒரு வழியாகப் பொத்தான் உள்ளே போனது. அவர் நிமிர்ந்து இரண்டு பெண்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யாராவது விசில் குடுங்கம்மா. வண்டி கிளம்பிடுச்சு."

மின்னலுக்குக் கண் கலங்கிவிட்டது. பொத்தான்களை வாழ்நாளெல்லாம் போட்டவள், ஒருவர் தானாகப் போட்டதை அன்றைக்குத்தான் முழுதாகப் பார்த்தாள்.

அடுத்தடுத்த புதன்களில் அவர் கை கொஞ்சம் கொஞ்சமாக வழிக்கு வந்தது. காலர் பொத்தானைத் தவிர மற்றதெல்லாம் போட்டார். தெரபிஸ்ட் அவருக்குச் சொல்லியிருந்தாள்: காலையில் தானே உடுத்திக்கொள்ள முடிந்தால் மாதக் கடைசியில் வீட்டுக்குப் போகலாம். இல்லையென்றால் பராமரிப்பு இல்லம். அவர் மனைவி ஒரு தொழிற்சாலையில் விடிகாலை ஷிப்டுக்குப் போகிறவள். அந்த நேரத்தில் வீட்டில் வேறு ஆள் கிடையாது.

"இங்கே போடறீங்க. மேலே காலையிலயும் நீங்கதானே போட்டுக்கறீங்க?" என்று தெரபிஸ்ட் ஒருநாள் கேட்டாள்.

ஓட்டுநர் மூலை நாற்காலியை ஒரு தடவை பார்த்தார்.

"பின்ன? நானேதான் மேடம்."

மின்னலுக்குக் காது சூடாகிவிட்டது. தன்னைக் காப்பாற்றத்தான் அந்த மனிதர் பொய் சொல்கிறார் என்பதை அவளால் தாங்க முடியவில்லை.

"இல்ல மேடம். நான்தான் போட்டு விடறேன்."

தெரபிஸ்ட் கோபப்படவில்லை. பேனாவை மூடி வைத்தாள்.

"காலையில அவரையே போட விடுங்க. இங்கே ஒரு மணி நேரம் பழக்கறதை மேலே அரை நிமிஷத்துல நாமளே அழிச்சுடறோம்."

'நாம' என்று சேர்த்துக்கொண்டு சொன்னாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது மின்னலுக்கு.

மறுநாள் காலை அவர் மோவாயை உயர்த்தியபோது அவள் சட்டையை மடியில் வைத்துவிட்டு நின்றாள். அவர் ஒரு கண்ணைத் திறந்தார்.

"என்ன, வேலைநிறுத்தமா?"

"நீங்களே போடுங்கண்ணே. நான் இங்கேயேதான் நிக்கறேன்."

போட்டார். அதற்குள் பக்கத்துக் கட்டிலில் கஞ்சி ஆறி ஆடை படிந்துவிட்டது. எதிர்க் கட்டிலில் ஒருவர் நனைந்த படுக்கையில் கிடந்து அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். கூட்டாளி உதவியாளர் ஒற்றை ஆளாக ஓடி ஓடி, போகிற வழியில் எல்லாம் அவளை முறைத்துவிட்டுப் போனாள். டாக்டர்கள் வந்தபோது மூன்று பேர் கட்டிலை விட்டே இறங்கியிருக்கவில்லை.

சூப்பர்வைசரம்மா அவளைத் துணி அலமாரிப் பக்கம் தள்ளிக்கொண்டு போனாள்.

"உனக்கு என்ன ஆச்சு? என் தலையை உருட்டறதுக்கா உன்னை வச்சிருக்கேன்?"

"கீழே தெரபி மேடம்தான் அவரையே போட விடச் சொன்னாங்கம்மா. அப்பத்தான் கை வருமாம்."

"வரட்டும், யார் வேணாங்கறா? அவங்களுக்கு ஒரு ஆளுக்கு ஒரு மணி நேரம். எனக்கு ஒரு வார்டுக்கே ரெண்டு ஆள். மேலிடத்துல இன்னும் நாலு பேரைக் குடுக்கச் சொல்லு, பகல் பூரா உக்காந்து பொத்தான் போடட்டும். நானும் கூட உக்காந்து கை தட்டறேன்."

அதில் பொய் ஒன்றும் இல்லை. அது மின்னலுக்கும் தெரியும்.

அதற்காக அவள் விட்டுவிடவும் இல்லை. வேலை நேரத்துக்கு முன்பே வந்து ஓட்டுநரை எழுப்பினாள். இருட்டில் பொத்தான் தெரியாது என்று விளக்கைப் போட்டாள். வார்டே விழித்துக்கொண்டு திட்டியது. இரவு உதவியாளர் சூப்பர்வைசரம்மாவிடம் போய் ஒன்றுக்கு இரண்டாகச் சொன்னாள். அடுத்த வாரத்துக்கான வேலை அட்டவணை சுவரில் ஏறியபோது மின்னலின் விடுமுறை ஞாயிற்றுக்கிழமைக்கு மாறியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தெரபி அறை பூட்டியிருக்கும். அவளுக்கு இன்னும் இரண்டு புதன்கிழமைகள் தேவை. மாதத்தில் மிச்சமிருந்ததும் இரண்டுதான்.

"அம்மா, புதன்கிழமை எதுக்குன்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும். அதனாலதான் இத்தனை நாள் குடுத்தேன்." சூப்பர்வைசரம்மாவின் குரலில் கடுப்பு இல்லை, களைப்புத்தான் இருந்தது. "புதன்கிழமை பெரிய டாக்டர் வர்ற நாள். நீ மத்த நாள் எல்லாம் பறந்து பறந்து வேலை பார்த்த, அதனால அந்த ஒரு நாளை எப்படியோ சமாளிச்சேன். பழைய மின்னலா வா. இன்னிக்கே மாத்தி எழுதறேன்."

வீட்டில் அன்று மாலை அவள் அக்காவின் பழைய சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு, ஒற்றைக் கையால் பொத்தான் போட்டுப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். விண்ணப்பத்துக்கான கட்டுரை கணினித் திரையில் தொடக்கத்திலேயே நின்றது. இந்தத் தொழிலை அருகிலிருந்து பார்த்ததில் கற்றுக்கொண்டது என்ன என்று கேட்டிருந்தார்கள். 'காத்திருக்க' என்று மட்டும் எழுதியிருந்தாள்.

நடந்ததையெல்லாம் அக்கா கேட்டுக்கொண்டாள்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? அவர் ஒருத்தர். நீ படிச்சு வெளியே வந்தா அவர் மாதிரி எத்தனையோ பேருக்குக் கையைத் திருப்பிக் குடுக்கலாம். இப்ப விட்டேன்னா காலம் பூரா அடுத்தவங்க சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கிட்டே கிட."

சரியாகத்தான் இருந்தது. எந்த ஓட்டையும் இல்லாமல் சரியாக இருந்ததே அவளுக்குப் பிடிக்கவில்லை.

"அப்போ அவரோட கை?"

"அவர் கைக்கு நீயா பொறுப்பு? ஆஸ்பத்திரிக்காரங்க இல்லையா?" அக்கா பேசியபடியே கிட்டே வந்து, தங்கையின் சட்டையில் கோணலாக நின்ற பொத்தானைக் கழற்றிச் சரியாகப் போட்டாள். மிச்சத்தையும் கழுத்துவரை போட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். போட்டு விட்டது அவளுக்கே தெரிந்திருக்காது.

காலையில் மின்னல் ஜன்னலோரக் கட்டிலுக்கு வந்தபோது ஓட்டுநர் அவளுக்காகக் காத்திராமல் தொடங்கியிருந்தார். இரண்டு கையும் சட்டைக்குள் இருந்தன. அடிப் பொத்தான் காஜாவில் பாதி நுழைந்திருந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கு நேரம் இல்லண்ணே."

அவர் கையை மெல்ல எடுத்து மடிப் பக்கம் இறக்கினாள். அந்தக் கை கொஞ்ச நேரம் அந்தரத்திலேயே நிற்கப் பார்த்தது, பிறகு படிந்தது.

"ஓ, எக்ஸ்பிரஸ் சர்வீஸா?" என்றார் அவர். சிரித்தார். மோவாயை உயர்த்தினார்.

டாக்டர்கள் வந்தபோது வார்டு முழுவதும் நாற்காலிகளில் இருந்தது. மத்தியானத்துக்குள் அட்டவணையில் ஞாயிறை அடித்துப் புதன் என்று எழுதியாயிற்று. முதல் இரண்டு மூன்று நாள் ஓட்டுநரின் விரல்கள் அவளுக்கு முன்னே போய்ச் சட்டையைத் தேடின. அவள் வேகம் அவற்றுக்கு எட்டவில்லை. பிறகு அவை தேடுவதை விட்டுவிட்டன. மனுஷன் கோபித்துக்கொண்டிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் வழக்கம்போல் டெப்போ கதைகளைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கடைசிப் புதன்கிழமை. மூலை நாற்காலியில் கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். இப்போது அது பழகிவிட்டது, வலிக்கவில்லை. தெரபிஸ்ட் ஓட்டுநரிடம் சட்டையைக் கொடுத்தாள்.

"இன்னிக்கு நான் எதுவும் சொல்ல மாட்டேன். வீட்டுல காலையில எப்படிப் போடுவீங்களோ அப்படிப் போடுங்க."

விழுந்த கையை நுழைத்தார். நல்ல கையை நுழைத்தார். காலரைப் பின்னால் இழுத்துக்கொண்டார். முதல் பொத்தானைப் பிடித்தார், நழுவியது. மறுபடி பிடிக்கவில்லை. அறையைச் சுற்றிப் பார்த்தார். மூலையில் அவள் இருப்பதைக் கண்டதும் முகம் தெளிந்தது. அவளைப் பார்த்தபடியே மோவாயை உயர்த்திக் காத்திருந்தார்.

தெரபிஸ்டும் காத்திருந்தாள். நெடுநேரம் காத்திருந்தாள். பிறகு மின்னல் பக்கம் திரும்பினாள்.

"காலையில அவரைப் போட விடறீங்கதானே?"

மின்னல் வாயைத் திறந்தாள். மேசைமேல் கையெழுத்துக்காக வைத்திருந்த தன் மணிக்கணக்குத் தாளைப் பார்த்தாள்.

"விடுது மேடம், விடுது," என்றார் ஓட்டுநர், மோவாயை இறக்காமலே. "பாவம், பக்கத்துலயே நின்னு பார்க்குது. எனக்குத்தான் வரல."

"ஆமா மேடம்," என்றாள் மின்னல்.

தெரபிஸ்ட் ஓட்டுநரின் அறிக்கையில் எழுதினாள். எழுதிவிட்டு அவருக்குக் கேட்கும்படியாகவே, மிருதுவாகச் சொன்னாள்: "கொஞ்ச நாள் இல்லத்துல இருக்கட்டும். அப்புறம் பார்க்கலாம்." அவர் தலையை ஆட்டினார். சட்டை திறந்தே கிடந்தது, நெஞ்சின் நரைத்த முடி தெரிந்தது.

பிறகு தெரபிஸ்ட் மின்னலின் தாளை எடுத்தாள். மணிக்கணக்கைக் கூட்டிச் சரிபார்த்து, அடியில் கையெழுத்திட்டாள்.

"நல்லாக் கவனிச்சீங்க. முதல் நாளைக்கு இப்ப எவ்வளவோ வித்தியாசம், கை நகரவே இல்ல. சிபாரிசுக் கடிதத்துலயும் அதை எழுதறேன். நீங்களும் இங்கே ஒரு கையெழுத்துப் போடுங்க."

பேனாவை நீட்டினாள். மின்னல் தொடைக்கு அடியிலிருந்து வலது கையை வெளியே எடுத்தாள். அந்தக் கை வெளியே வருவதைக் கண்டதும் ஓட்டுநர் கண்ணை மூடிக்கொண்டு, மோவாயை இன்னும் கொஞ்சம் உயர்த்தினார்.